ஃபியோர்டுக்குள்ள சின்னக் கப்பல்ல போங்க

ஃபியோர்டுன்னா ரெண்டு மலைக்கு நடுவுல கடல் தண்ணி நீளமா உள்ள புகுந்து கிடக்குற இடம்; நார்வேல இருக்குற அந்த ஃபியோர்டைப் பாக்கணும்னு ஆசைப்படுற ஃப்ரெண்ட்ஸ் என்கிட்ட முதல்ல கேக்குறது எந்த க்ரூஸ் புக் பண்ணலாம்னுதான். அவங்க மனசுல இருக்குறது மாடி மாடியா அடுக்கி, நீச்சல்குளம், பஃபே, தியேட்டர்னு எல்லாம் வச்ச பெரிய கப்பல், ஒரு வாரம் அதுலயே சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சா ஜன்னலுக்கு வெளிய மலை நிக்கும். அதுல தப்பே இல்ல, வயசானவங்களுக்குப் பொட்டி தூக்குற வேலை மிச்சம், அது பெரிய வசதி. ஆனா என்னைக் கேட்டா, எதுல வந்தாலும் சரி, ஒரு தடவையாவது சின்னக் கப்பல்ல ஏறி நேரோய்ஃபியோர்டுக்குள்ள போயிட்டு வந்துருங்கன்னுதான் சொல்லுவேன். ஃபியோர்டுன்னா மலையும் தண்ணியும் மட்டும் இல்லைங்க, அந்தச் சரிவுல ஆடு மேச்சு, புல்லு அறுத்து, புள்ளகுட்டியோட ஜனங்க காலங்காலமா குடியிருந்த இடம் அது. பத்தாவது மாடியில நின்னு பாத்தா அந்த வீடுங்க கண்ணுல படுறதே கஷ்டம்.

நான் அம்மாவைக் கூட்டிட்டு மே மாசக் கடைசியில போனேன். அம்மாவுக்குத் தென்காசிப் பக்கம், கல்யாணம் ஆகுற வரைக்கும் வீட்டுல ஆடு வளத்தவங்க, அதனால அவங்க எதைப் பாத்தாலும் இங்க என்ன விளையும், தண்ணி எங்கருந்து வரும், ஆடுமாடு எங்க கட்டுவாங்கன்னுதான் யோசிப்பாங்க. இந்தப் பயணத்துல நான் கண்ணைத் தொறந்து பாத்ததுல பாதி அவங்க கேட்ட கேள்வியாலதான்.

நாங்க தங்குனது நார்வே மேற்குக் கரையில இருக்குற பெர்கன் நகரத்துல. ஒரு ஃப்ரெண்டு மூலமா தெரிஞ்ச யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர் அங்க இருக்கார், 80கள்ல நார்வே வந்தவர், வந்த புதுசுல வடக்க ஃபின்மார்க்ல மீன் ஃபேக்டரியில வேலை பாத்துருக்கார், அந்தக் காலத்துல வந்த ஈழத்தமிழர்கள் நிறைய பேருக்கு முதல் வேலையே அங்கதான், மீனை வெட்டி எலும்பெடுக்குற லைன்ல குளிருக்குள்ள நாள் முழுக்க நிக்கணும், அப்புறம்தான் ஒவ்வொருத்தரா ஓஸ்லோ, பெர்கன்னு தெக்க இறங்கி வந்தாங்க. முதல் நாள் ராத்திரி அவங்க வீட்டுலதான் சாப்பாடு, புட்டும் மீன் குழம்பும். அன்னிக்கு முழுக்க மழை. பெர்கன்ல வருஷத்துல பாதி நாளுக்கு மேல மழைதான். நாளைக்கும் இப்படியே பெஞ்சா என்ன பண்றதுன்னு நான் கவலைப்பட்டுட்டு இருந்தேன். அதுக்கு அவர் சொன்னார், "பிள்ளை, மழை பெஞ்சாத்தான் அருவியெல்லாம் வடிவா விழும். அம்மாவுக்குக் குளிரும் எண்டு உள்ளுக்க இருத்திப் போடாதேங்கோ, வெளியில நிண்டு பாக்கோணும்." அதைவிட நல்ல ஆலோசனை எனக்கு எந்த ட்ராவல் சைட்லயும் கிடைக்கல.

வழி இதுதான்: பெர்கன்லருந்து வோஸ் வரைக்கும் ரயில், அங்கருந்து குட்வாங்கனுக்கு பஸ், குட்வாங்கன்லருந்து ஃப்ளோமுக்குக் கப்பல், அது சுமார் ரெண்டு மணி நேரம், அப்புறம் ஃப்ளோம்லருந்து மலை ரயில் ஏறி மிர்டால் போயி அங்க பெரிய ரயிலைப் பிடிச்சுத் திரும்பி பெர்கன். ஒரே நாள்ல முடிக்கலாம், முக்காவாசிப் பேர் அப்படித்தான் பண்றாங்க. நாங்க நடுவுல ஃப்ளோம்ல ஒரு ராத்திரி தங்கினோம், தங்குனது ரொம்ப நல்லதாப் போச்சு.

கப்பலைப் பத்தி முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா எல்லாமே அதுலருந்துதான் ஆரம்பிக்குது. ஃபியூச்சர் ஆஃப் தி ஃபியோர்ட்ஸ்னு பேரு, 2018ல ஓட ஆரம்பிச்சது, முழுக்க முழுக்க பேட்டரி, டீசல் இஞ்சினே கிடையாது. 42 மீட்டர் நீளம், கார்பன் ஃபைபர் உடம்பு, 400 பேர் ஏறலாம். வெளிப்பக்கமா சரிவா வளைஞ்சு வளைஞ்சு மேல்தட்டு வரைக்கும் ஏறுற மாதிரி நடைபாதை வச்சிருக்காங்க, மலைப்பாதை வளைவைப் பாத்துதான் அப்படி டிசைன் பண்ணாங்களாம். அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வலி, படி ஏறுறதுன்னா பத்து தடவை யோசிப்பாங்க. அங்க கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நடந்தே மேல வந்துட்டாங்க. வீல்சேர்ல ஒரு பெரியவரும் அதே பாதையில மேல வந்தார். வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது, குட்வாங்கன்ல இந்தக் கப்பலுக்கு கரண்ட் ஏத்துற விதம். குட்வாங்கன் ஒரு குட்டி ஊர், அங்க வர்ற லைன்ல அவ்வளவு பெரிய பேட்டரிக்கு ஒரே மூச்சுல கரண்ட் எடுத்தா ஊரு தாங்காது. அதனால தண்ணியில மிதக்குற மேடை ஒண்ணு கட்டி அதுக்குள்ளயே பெரிய பேட்டரியா வச்சுட்டாங்க. கப்பலோட பேட்டரி 1800 கிலோவாட்-ஹவர், மேடையோடது 2400. மேடை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் வாங்கி சேத்து வச்சுக்கும், கப்பல் வந்து ஒட்டினதும் இருவது நிமிஷத்துல அதைக் கொடுத்துடும். நார்வேல உற்பத்தியாகுற கரண்ட்டு பெரும்பகுதி நீர்மின்சாரம், அதாவது நாம பாக்கப்போற இதே மாதிரி மலைத்தண்ணிதான் சுத்தி வந்து கப்பலையும் ஓட்டுது. 2015லயே பக்கத்துப் பெரிய ஃபியோர்டான சோக்னெஃபியோர்ட்ல ஆம்பியர்னு ஒரு பேட்டரி கார் ஃபெர்ரி ஓட ஆரம்பிச்சிருச்சு, லாவிக்குக்கும் ஒப்பெடாலுக்கும் நடுவுல, உலகத்துலயே அதுதான் முதல். அந்த அனுபவம்தான் மத்ததுக்கெல்லாம் வழி விட்டது.

கப்பல் கிளம்புனதே தெரியல. கரை நகருதேன்னு பாத்தாதான் நாம போறோம்னு புரியுது. இஞ்சின் அதிர்வும் இல்ல, டீசல் நாத்தமும் இல்ல. கொஞ்ச தூரம் போனதும் ஜனங்க பேசுறதைத் தானாக் குறைச்சுட்டாங்க, அப்பத்தான் ரெண்டு பக்கத்து அருவிச் சத்தமும் தனித்தனியாக் காதுல விழுந்துச்சு, ஒண்ணு கிட்ட, ஒண்ணு தூரத்துல, எங்கயோ மேல ஆட்டு மணி. டீசல் படகுல நான் வேற இடத்துல போயிருக்கேன், மலை அதே மலைதான், ஆனா இந்தச் சத்தம் எதுவுமே கேக்காது.

நேரோய்ஃபியோர்ட் 17 கிலோமீட்டர் நீளம். குறுகலான இடத்துல அகலம் 250 மீட்டர்தான், ரெண்டு பக்கமும் மலை 1700 மீட்டருக்கும் மேல போகுது. கழுத்தை முழுக்க அண்ணாந்தாதான் உச்சி தெரியும். நாங்க போன அன்னிக்கு மேகம் பாதி மலைக்கு இறங்கி வந்துருந்துச்சு, அதனால அருவியெல்லாம் மேகத்துக்குள்ளருந்தே விழுந்த மாதிரி இருந்துச்சு, எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாம. அண்ணா சொன்னது அப்படியே பலிச்சது. ராத்திரி மழைக்குப் புதுசு புதுசா அருவி முளைச்சிருக்கு, நூல் மாதிரி வெள்ளை வெள்ளையா எத்தனைன்னு எண்ண முடியாது.

அருவி ஏன் இவ்வளவு உசரத்துலருந்து நேரா விழுதுன்னு யோசிச்சுப் பாத்தா ஃபியோர்டு எப்படி உருவாச்சுங்கறதும் சேந்தே புரிஞ்சிடும். ஒரு காலத்துல இதெல்லாம் ஆத்துப் பள்ளத்தாக்கு. பனியுகம் திரும்பத் திரும்ப வந்தப்ப மேல கிலோமீட்டர் கணக்குல பனி ஏறி உக்காந்து, அந்தப் பனியாறு தன் கனத்துல அடியில இருந்த பாறையைச் சுரண்டிக்கிட்டே கடல் பக்கம் இறங்குச்சு. பெரிய பள்ளத்தாக்குல பனியும் அதிகம், அதனால ஆழமா தோண்டுச்சு. பக்கவாட்டுல இருந்த சின்னப் பள்ளத்தாக்குல பனி கம்மி, அதனால அது மேலயே நின்னுருச்சு. கடைசிப் பனி சுமார் பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடி உருகி, பெரிய பள்ளத்துல கடல் தண்ணி ஏறுச்சு, சின்னப் பள்ளத்தாக்கெல்லாம் நடு வானத்துல தொங்கிக்கிட்டு நிக்குது, அதுல வர்ற ஓடைக்கு விழுறதைத் தவிர வேற வழியில்ல. நேரோய்ஃபியோர்ட் போயி சேர்ற தாய் ஃபியோர்ட் சோக்னெஃபியோர்ட், 200 கிலோமீட்டருக்கு மேல நீளம், ஆழம் 1300 மீட்டர். ஆனா அதே சோக்னெஃபியோர்ட் கடலைத் தொடுற வாய்ப்பக்கம் ஆழம் ரொம்பக் குறைவு, ஏன்னா அங்க பனியாறு பரந்து, மெலிஞ்சு, தோண்டுற பலம் போயிடுச்சு. உள்ள ஆழம், வாசல்ல மேடு. இதைத் தெரிஞ்சுக்கிட்டு பாத்தா அந்த மலைச்சுவத்துல இருக்குற ஒவ்வொரு வழுவழுப்பும் பனி உரசுன தடம்னு கண்ணுக்குப் பிடிபட ஆரம்பிச்சிடும்.

தண்ணி நீலமா இருக்கும்னு எதிர்பாத்தேன், பச்சையா இருந்துச்சு. மலைமேல இன்னும் மிச்சமிருக்குற பனியாறு பாறையை மாவு மாதிரி அரைச்சுக் கொண்டாந்து விடுது, அந்தத் தூள் வெயில்ல அப்படி நெறம் காட்டுது. வசந்தத்துல மேல் அடுக்குல நிக்கிறது பெரும்பாலும் உருகுன பனித்தண்ணி, உப்பு தண்ணி அதுக்கு அடியில. பாறை மேல சீல் ஒண்ணு படுத்துருந்துச்சு, நாங்க கிட்ட போனப்பவும் அது அசையல, தலையை மட்டும் தூக்கிப் பாத்துட்டு திரும்பப் படுத்துக்கிச்சு. சத்தமில்லாத கப்பலோட லாபம் சீலுக்கும்தான்.

பாக்கான்னு ஒரு ஊர் வந்துச்சு, தண்ணியோரத்துல கொஞ்சம் வீடு, 1859ல கட்டின வெள்ளைச் சர்ச். அப்பதான் அம்மா என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. "ஏட்டி, அந்தா மேல பாரு ஒரு வீடு. அங்கன எப்படிட்டி ஏறுவாவ?" நான் தேடித்தேடிப் பாத்தேன். மரத்துக்கு மேல, பாறைக்கு நடுவுல, கொஞ்சூண்டு பச்சைத் திட்டு, அதுல பழுப்பு நெறத்துல ஒரு மர வீடு. அதுக்கு அப்புறம் பாக்குற பக்கமெல்லாம் அந்த மாதிரி திட்டு தெரிய ஆரம்பிச்சது. ஸ்டிவி, டிர்டால்னு கரையோரப் பண்ணை வீடுங்க, டிர்டாலுக்கு இன்னிக்கும் ரோடு கிடையாது, படகுதான். நேரோய்ஃபியோர்ட் முடிஞ்சு அடுத்த ஃபியோர்டான அவுர்லாண்ட்ஸ்ஃபியோர்ட் பக்கம் திரும்பினா ஸ்டிகன்னு இன்னொரு பண்ணை, செங்குத்துப் பாறைக்கு மேல ஒட்டி வச்ச மாதிரி.

அங்க போயி ஏன் குடியிருக்கணும்னு நமக்குத் தோணும். அம்மாவுக்குத் தோணல. "புல்லு இருக்குல்லா. தண்ணியும் இருக்கு. வெயிலும் படுது. கீழ நெழலாத்தான் கிடக்கு." அவ்வளவுதான் அவங்க விளக்கம், அது சரியான விளக்கம். ஃபியோர்டோட அடியில தட்டையான நிலம் ரொம்பக் கொஞ்சம், குளிர்காலத்துல மலை மறைச்சு கீழ ஊருக்குள்ள வெயிலே வராம வாரக்கணக்குல கிடக்கும். மேல இருக்குற திட்டுல பனியும் சீக்கிரம் உருகும், புல்லும் நல்லா வளரும். அந்தப் புல்லை அறுத்துக் காய வச்சுக் கட்டி, மேலருந்து கீழ வரைக்கும் கம்பி இழுத்துக் கட்டி அதுல தொங்க விட்டு சர்ருன்னு இறக்குவாங்களாம். குளிர்காலம் பூரா ஆட்டுக்கும் மாட்டுக்கும் அந்த வைக்கோல்தான் உசிரு. ஒவ்வொரு கைப்பிடிப் புல்லுக்கும் கணக்கு இருந்துருக்கு. அப்படி எண்ணி எண்ணி வாழ்ந்தும் பத்தாம, 19ஆம் நூற்றாண்டுல இந்த சோக்ன் பகுதியிலருந்து எக்கச்சக்கமான ஜனங்க அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிட்டாங்க. அந்தக் காலிப் பண்ணைங்களைப் பாக்குறப்ப அழகா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல.

ஸ்டிவிக்குப் பக்கத்துல தண்ணியோரமா ஒரு பழைய பாதை போகுது. ஓஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் நடுவுல தபால் போறதுக்கு 1647ல ஏற்பாடு பண்ணாங்க, அந்தத் தபால் வழியில இது ஒரு துண்டு. வழக்கமா தபால் படகுலதான் போகும், ஆனா குளிர்காலத்துல உள்பக்கம் தண்ணி உறைஞ்சு போச்சுன்னா படகும் போகாது, ஐஸ் மேல நம்பி நடக்கவும் முடியாது, அப்ப தபால்காரர் இந்தக் கரைப்பாதையில போவாராம். ஒரு பக்கம் பனிச்சரிவு எப்ப விழும்னு தெரியாத மலை, இன்னொரு பக்கம் பாதி உறைஞ்ச தண்ணி, முதுகுல யாரோ யாருக்கோ எழுதுன கடுதாசி. இன்னிக்கு அதுல ட்ரெக்கிங் போறாங்க.

அவுர்லாண்ட்ஸ்ஃபியோர்ட்ல திரும்பி கொஞ்ச நேரத்துல உண்ட்ரெடால். சுமார் எண்பது பேர் வாழுற ஊர், ஆடு அதைவிடப் பல மடங்கு. 1988ல தான் ரோடு வந்துச்சு, அது வரைக்கும் தண்ணி வழி மட்டும்தான். அங்க இருக்குற மரச் சர்ச் 1147லருந்து நிக்குது, உள்ள நாப்பது பேர் உக்காரலாம், இன்னும் பூசை நடக்குது. நாங்க மறுநாள் ஃப்ளோம்லருந்து இந்த ஊருக்குன்னே தனியா போனோம். அம்மாவுக்கு ஆடு பாக்கணும். அங்க வெள்ளாட்டுப் பால்ல பழுப்புச் சீஸ் பண்றாங்க, சீஸ் திரட்டி எடுத்ததுக்கு அப்புறம் மிஞ்சுற தண்ணியைக் கீழ கொட்டாம, கூட பாலும் க்ரீமும் சேத்து மணிக்கணக்கா அடுப்புல வச்சுக் கிண்டுறது, அதுல இருக்குற சக்கரை காஞ்சு பழுப்பா ஆகுற வரைக்கும். கடையில இருந்த அம்மணி மெல்லிசா சீவி ஒரு துண்டு கொடுத்தாங்க. அம்மா வாயில போட்டதும், "திரட்டுப்பால்ல உப்புப் போட்ட மாதிரி இருக்கு"ன்னாங்க. உண்மைதான், அதைவிடச் சரியா சொல்ல முடியாது, ஆட்டுப்பால் வாசம் மட்டும் கடைசியில தொண்டையில நிக்கும். அம்மா அந்த அம்மணிகிட்ட குட்டி எப்பப் போடும், ஒரு வேளைக்கு எவ்வளவு கறக்கும், மேல எப்ப ஓட்டிட்டுப் போவீங்கன்னு என்னை மொழிபெயர்க்கச் சொல்லி கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அவங்களும் கடையை விட்டுட்டு வெளிய வந்து மலையில எந்தப் பக்கம் மேய்ச்சல்னு கை காட்டிக் காட்டி சொன்னாங்க. கோடையில ஆட்டை மேல் மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போயி அங்கயே கொட்டகை போட்டு பால் கறந்து சீஸ் பண்றது இங்க ரொம்பப் பழைய வழக்கம். அந்த அரை மணி நேரத்துல ரெண்டு பேரும் பேசிக்கிட்டதைப் பாத்தப்ப, இந்த ஊர் எப்படிப் பிழைச்சதுங்கறது எந்த ம்யூசியத்தை விடவும் எனக்கு நல்லாப் புரிஞ்சுது.

ஃப்ளோம் மலை ரயிலைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நான் சுருக்கமா முடிச்சிடுறேன். 20 கிலோமீட்டர்ல கடல் மட்டத்துலருந்து 867 மீட்டருக்கு ஏறும், ரொம்பச் செங்குத்தான இடத்துல 18 மீட்டர் போனா 1 மீட்டர் ஏத்தம், 20 டனல், அதுல முக்காவாசி கையால வெட்டினது, 1920கள்ல ஆரம்பிச்சு 1940ல ரயில் ஓட விட்டாங்க. நடுவுல க்யோஸ்ஃபோசன்னு ஒரு பெரிய அருவிகிட்ட நிறுத்துவாங்க, இறங்கி நின்னா முகமெல்லாம் சாரல். இங்க குளிக்க விடுவாவளான்னு அம்மா கேட்டாங்க, குத்தாலத்துக்காரங்களுக்கு அருவின்னா தலையைக் கொடுக்கணும், வேடிக்கை பாத்துட்டு திரும்புறது ஆகாது.

இன்னொரு ஃபியோர்டான கெய்ராங்கர்ஃபியோர்டுக்கு அப்புறமா ஒரு தடவை நான் மட்டும் போனேன். நேரோய்ஃபியோர்டும் இதுவும் சேந்துதான் 2005ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல ஏறுச்சு. இது 15 கிலோமீட்டர், கொஞ்சம் அகலம், நேரோய் அளவுக்கு நெருக்கம் கிடையாது, ஆனா ஏழு சகோதரிகள்ங்கற அருவி இங்கதான், பக்கத்துப் பக்கத்துல ஏழு இழையா 250 மீட்டர் விழுது, எதிர்க் கரையில தனியா ஒரு அருவி, அதுக்கு மாப்பிள்ளைன்னு பேரு வச்சிருக்காங்க. ஹெல்லெசில்ட்ங்கற ஊர்லருந்து ஃபெர்ரியில ஒரு மணி நேரம். இங்கயும் என் கண்ணு பண்ணை வீட்டைத்தான் தேடுச்சு. ஸ்காகஃப்லோ, தண்ணியிலருந்து 250 மீட்டர் மேல. வரி வாங்குறவன் வர்றான்னு தெரிஞ்சா ஏணியை மேல இழுத்துக்குவாங்கன்னு கதை சொல்றாங்க. சின்னப் புள்ளைங்க விளிம்புல போயி விழுந்துடாம இடுப்புல கயிறு கட்டி வச்சிருப்பாங்கன்னும் சொல்றாங்க, அந்தச் சரிவைப் பாத்ததுக்கு அப்புறம் அதுல எனக்குச் சந்தேகமே வரல. எதிர்ப்பக்கம் க்னிவ்ஸ்ஃப்லோன்னு ஒரு பண்ணை, தலைக்கு மேல பாறை விழுற ஆபத்துனால 19ஆம் நூற்றாண்டுக் கடைசியிலயே காலி பண்ணிட்டாங்க. இந்த வீடெல்லாம் இடிஞ்சு மண்ணாப் போயிருக்க வேண்டியது, 1975ல ஸ்டோர்ஃபியோர்டின் நண்பர்கள்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, அதுல இருக்குற ஜனங்க சும்மா வந்து கூரையும் சுவரும் பழுது பாத்து நிறுத்தியிருக்காங்க. 1993ல நார்வே ராஜா ஹரால்டும் ராணி சோன்யாவும் தங்களோட இருவத்தஞ்சாவது கல்யாண நாளை இதே ஸ்காகஃப்லோவுலதான் கொண்டாடினாங்க.

பாறை விழுறதுங்கறது இங்க கதை இல்ல. பக்கத்து டாஃபியோர்ட்ல 1934 ஏப்ரல் 7ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி மலையோட ஒரு பக்கம் பேந்து ஃபியோர்டுக்குள்ள விழுந்துச்சு, தண்ணி எழும்பி சில இடத்துல 60 மீட்டருக்கும் மேல ஏறி அடிச்சு 40 பேர் போயிட்டாங்க. கெய்ராங்கருக்குப் போற வழியிலயே ஓகர்னெசெட்னு ஒரு மலை இருக்கு, அதுல வெடிப்பு விட்டு வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நகந்துக்கிட்டே இருக்கு, விழுந்தா 5 கோடி கன மீட்டருக்கு மேல பாறை. இருவத்துநாலு மணி நேரமும் கருவி வச்சுக் கண்காணிக்கிறாங்க, கெய்ராங்கர், ஹெல்லெசில்ட் எல்லாத்துலயும் சைரன் வச்சிருக்காங்க, ஜனங்க எந்தப் பக்கம் ஓடணும்னு திட்டம் போட்டு வச்சிருக்காங்க. நாம ரெண்டு மணி நேரம் பாத்துட்டுக் கிளம்பிடுறோம், அவங்க அந்த மலைக்குக் கீழ புள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்புறாங்க.

இவ்வளவு குறுகலான இடத்துக்குள்ள பெரிய கப்பல் வந்து நின்னா அந்தப் புகை எங்கயும் போக வழியில்லாம மலைக்கு நடுவுல தொங்கும். அதனால 2018லயே நார்வே பார்லிமென்ட் இந்தப் பாரம்பரிய ஃபியோர்டுங்களுக்குள்ள வர்ற கப்பலும் ஃபெர்ரியும் புகையே விடக்கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க. பின்னாடி வந்த விதிப்படி, 10,000 டன் அளவுக்குக் கீழ இருக்குற பயணிகள் கப்பலுக்கு 2026 ஜனவரியிலருந்து, அதைவிடப் பெருசுக்கு 2032லருந்து. பெரிய கப்பலுக்கு இவ்வளவு அவகாசம் கொடுத்தது எனக்கு வருத்தம்தான், ஃப்ளோம்லயும் கெய்ராங்கர்லயும் ஒரு கப்பல் வந்து நின்னா அந்தக் குட்டி ஊர் ஜனத்தொகையைப் போலப் பல மடங்கு ஆளுங்க ஒரே மணி நேரத்துல இறங்குறாங்க. அந்த ஊர்க்காரங்களுக்கு வருமானமும் அதுலருந்துதான், அதையும் மறுக்க முடியாது. ஆனா 400 பேர் ஏறுற ஒரு கப்பல் வெறும் பேட்டரியில வருஷம் பூரா ஓடிக் காட்டிட்டு இருக்குறப்ப, முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது.

போறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம். மே கடைசி, ஜூன் நல்லது, மேல பனி உருகி அருவி எல்லாம் ரொம்பித் ததும்பும், ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் கூட்டம் அள்ளும், அருவியும் கொஞ்சம் மெலிஞ்சுடும். குளிர்காலத்துலயும் இந்தக் கப்பல் ஓடுது, மலை பூரா வெள்ளையா இருக்கும், பகல் மட்டும் ரொம்பக் குட்டி. டிக்கெட் ரயில், பஸ், கப்பல்னு தனித்தனியாவும் எடுக்கலாம், சேத்தும் எடுக்கலாம், சீசன்ல முன்னாடியே எடுத்துடுங்க. மே மாசமா இருந்தாலும் மேல்தட்டுல காத்து முகத்துல அறையும், காதை மூடுற தொப்பியும் மழைக்கோட்டும் கட்டாயம், குடை பிரயோஜனமே இல்ல. சாப்பாடு கையில கொண்டு போங்க, நாங்க அண்ணா வீட்டுல கட்டிக் கொடுத்த இடியப்பமும் சம்பலும்தான் சாப்பிட்டோம், அங்க வெளிய சாப்பிடுறது எக்கச்சக்க விலை. நேரம் இருந்தா ஸ்டெகஸ்டைன் மேடைக்கு பஸ்ல போயிட்டு வாங்க, 650 மீட்டர் உசரத்துலருந்து அவுர்லாண்ட்ஸ்ஃபியோர்ட் முழுசாத் தெரியும், கப்பல்ல வந்த வழியை அங்கருந்து விரல் வச்சுக் காட்டலாம்.

அப்புறம் கப்பல்ல எங்க நிக்கிறதுங்கறது. எல்லாரும் முன்னாடி போயி முட்டுவாங்க. குட்வாங்கன்லருந்து கிளம்புறீங்கன்னா முதல் அரை மணி நேரம் பின்பக்கம் நில்லுங்க, அங்க காத்தும் கம்மி, கூட்டமும் கம்மி, ரெண்டு மலையும் நமக்குப் பின்னாடி ஒண்ணை ஒண்ணு மூடிக்கிட்டே வர்றது அங்கருந்துதான் தெரியும். ஒரு சின்ன பைனாகுலர் இருந்தா எடுத்துட்டுப் போங்க, பண்ணை வீடு தேடுறதுக்கு.